சொகுசு கார் சர்வேக்களை எவ்வளவு நம்பலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மிச்சிகன், நோவையில் இருந்து:

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் இங்கே நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் கார் கம்பெனியிலோ, அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனியிலோ வேலை. பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் கேக் வெட்டும் முன்பே பேச்சு வண்டிக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட கூட்டத்திலும் யாராவது சொகுசு கார் வாங்கப் போகிறேன் என்றால், உடனே ஒருத்தர் போனில் சர்வே பட்டியலை எடுத்து நீட்டுவார். மேலே இருந்தால் நல்ல வண்டி, கீழே இருந்தால் தலைவலி, தீர்ந்தது கதை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பட்டியல் பொய் என்று சொல்லவில்லை. அது எண்ணுவது ஒன்று, செக் எழுதும்போது நாம் பயப்படுவது வேறொன்று.

எல்லோரும் காட்டுவது ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பட்டியலைத்தான். அதில் இரண்டு ஆய்வு இருக்கிறது. ஒன்று, புது வண்டி வாங்கிய முதல் 90 நாளில் என்ன குறை கண்டீர்கள் என்பது. இன்னொன்று, மூன்று வயதான வண்டியின் முதல் சொந்தக்காரரிடம், கடந்த 12 மாதத்தில் என்ன குறை என்று கேட்பது. இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்: 100 வண்டிக்கு எத்தனை குறை. 2025-இல் வந்த மூன்று வருட ஆய்வில் மொத்தச் சராசரி 202, லெக்சஸ் 140. பட்டியலில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வண்டிக்குப் பிரித்துப் பாருங்கள்: ஒரு வருடத்தில் சராசரி வண்டிக்கு இரண்டு குறை, லெக்சஸுக்கு ஒன்றரைக்கும் கீழே. அந்தக் குறை என்ன என்பதுதான் விஷயம். போன் இணைப்பு அறுந்து போனாலும் ஒன்று, கியர்பாக்ஸ் போனாலும் ஒன்று. அந்த ஆய்வில் மக்கள் அதிகம் சொன்ன குறையே போனை வண்டித் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் சரியாக இணையவில்லை என்பதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஃபோர்டு கதை மறந்திருக்காது. 2010-இல் அந்த 90 நாள் ஆய்வில் ஐந்தாவது இடத்தில் இருந்த ஃபோர்டு, 2011-இல் 23-வது இடத்துக்குப் போனது. ஒரே வருடத்தில் இன்ஜின் எல்லாம் கெட்டுப்போகவில்லை. புதிதாக வைத்த டச் ஸ்கிரீன் மக்களைப் படுத்திய பாடுதான் முக்கியக் காரணம். சொகுசு வண்டியில் இப்படிப்பட்ட சமாச்சாரம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வசதி கூடக் கூட, குறை சொல்ல இடமும் கூடும்.

அப்புறம் அந்த மூன்று வருடம். சொகுசு கார் ஓட்டுகிறவர்களில் பெரும் பகுதி லீஸ் கூட்டம். 36 மாதம் ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டி. அமெரிக்காவில் ஜெர்மன் கம்பெனிகள் பொதுவாகத் தரும் வாரண்டி 4 வருடம் அல்லது 50,000 மைல். சொந்தக் காசில் பில் கட்டும் காலம் வருவதற்குள் கேள்வித்தாள் முடிந்துவிடுகிறது.

என் கூட வேலை பார்த்த நண்பர் ஒரு ஜெர்மன் செடான் லீஸில் வைத்திருந்தார். டயர் தவிர ஒரு செலவும் இல்லை, ஆகா ஓகோ என்பார். அதே மாடல், அதே இன்ஜின், ஆறு வயதான வண்டி நான் வாங்கினேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏசி வழியாக எண்ணெய் கருகும் வாடை வந்தது. டியர்பார்ன் பக்கம் ஒரு லெபனான்காரர் ஒர்க்‌ஷாப். வண்டியைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கல் மாதிரி இறுகிப்போய், அங்கிருந்து கசிந்த ஆயில் பெல்ட் வரைக்கும் வழிந்து, தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாக அப்பிக்கிடந்தது. "இந்த இன்ஜினில் இது எல்லோருக்கும் வரும். ஏன் இப்போதுதான் வந்தாய் என்று கேட்க வேண்டும்" என்று சிரித்தார். கேஸ்கட் விலை அற்பம். அதை எட்டுவதற்குக் கழற்ற வேண்டியவற்றின் கூலிதான் பில்லில் பாதிக்கு மேல். நண்பரின் வண்டியும் என் வண்டியும் ஒரே வார்ப்பு. அவரிடம் சர்வே போயிருந்தால் நூற்றுக்கு நூறு. என்னிடம் வரவே வராது, நான் முதல் சொந்தக்காரன் இல்லையே.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். 1936-இலிருந்து இருக்கிறார்கள், விளம்பரம் வாங்குவதில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி, பிரேக் என்று 20 பகுதியாகப் பிரித்து, பழைய வருட மாடலையும் விடாமல் காட்டுகிறார்கள். பெரிய பழுதுக்குக் கனம் அதிகம் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கேயும் கேள்வி, செலவு, பாதுகாப்பு போன்ற காரணங்களால் 'நீங்கள் பெரிதாகக் கருதிய' பழுது எது என்பதுதான். கருதுவது மனிதன். வண்டி மேல் காதல் இருந்தால் ஒரு கணக்கு, கொடுத்த காசுக்கு இதுவா என்ற கடுப்பு இருந்தால் வேறு கணக்கு.

அதற்காக ஆள் மனசுதான் எல்லாம் என்று ஒதுக்கவும் முடியாது. 2015 ஆகஸ்டில் டெஸ்லா மாடல் எஸ்ஸின் ஒரு ரகத்தை அவர்களே ஓட்டிப் பார்த்து, 100-க்கு 103 மதிப்பெண் வரும் அளவுக்குப் புகழ்ந்தார்கள். அக்டோபரில் சர்வே வந்தது. சுமார் 1,400 பேர் பதில் எழுதியிருந்தார்கள். மோட்டார் பகுதி, சார்ஜ் கருவி, நடுத்திரை, சன்ரூஃப் கசிவு என்று குறை குவிந்ததும், பரிந்துரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரர்களில் 97 சதவீதம் பேர் அடுத்ததும் இதையேதான் வாங்குவோம் என்றார்கள். பிடித்திருக்கிறது என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தவர்களே, எது எது கெட்டது என்று இன்னொரு கட்டத்தில் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அதனால்தான், பகுதி பகுதியாகக் கேட்கும் சர்வே மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

சரி, உங்கள் கதைகளை அவிழ்த்து விடுங்கள்.

நியூ ஜெர்சி, எடிசனில் இருந்து:

அண்ணா, நீங்கள் சொல்வதோடு இன்னொரு கூத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீலர் அனுப்பும் சர்வே வேறு, இந்த ஆய்வுகள் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றடைத்த பைகள் தாங்கி நிறுத்தும் ஐரோப்பிய எஸ்யூவி. ஜனவரிக் குளிரில் காலையில் வெளியே வந்தால் முன்பக்க இடது மூலை மட்டும் தரையில் படுத்திருக்கும், சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழையாது. ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரெஸர் முனகி முனகி மெல்ல எழுந்து நிற்கும். சர்வீசுக்கு விட்டோம். மாற்று வண்டியாக அதைவிடப் புது மாடல் கொடுத்தார்கள், நல்ல காபி கொடுத்தார்கள். வண்டியை எடுக்கப் போனபோது அங்கிருந்த பையன் தயங்கித் தயங்கி, "மேடம், சர்வே வரும். பத்துக்குப் பத்து போட்டுவிடுங்கள், ஒன்பது போட்டால் எனக்கு ஃபெயில் மாதிரி" என்றான். பாவம், அவன் சம்பளம் அதில் தொங்குகிறது. பத்தே போட்டேன். வண்டி அடுத்த குளிரில் மறுபடி படுத்தது.

வாரண்டியில் சரிசெய்து, கூடவே புது வண்டியும் ஓட்டக் கொடுத்தால், என் வீட்டுக்காரரே "அது ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லையே" என்றுதான் சொல்வார், சொன்னார். இந்த மறதிக்குச் சர்வே என்ன செய்யும்?

இன்னொன்று. டெஸ்லாவை ஜே.டி. பவர் முதன்முதலில் 2020-இன் 90 நாள் ஆய்வில் சேர்த்தபோது 100 வண்டிக்கு 250 குறை என்று வந்தது. ஆனால் பட்டியலில் முறையாக இடம் தரவில்லை. 15 மாநிலங்களில் சொந்தக்காரர்களிடம் கேட்கக் கம்பெனி அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. யாரைக் கேட்கலாம் என்பதிலேயே கம்பெனிக்கு ஒரு கை இருக்கிறது. விருது வாங்கிய பின் அதை விளம்பரத்தில் காட்ட ஜே.டி. பவருக்குக் கம்பெனி பணம் கட்ட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனாலேயே முடிவு போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டிவியில் கோப்பை மின்னும்போது எனக்கு அந்த நினைப்பு வரும்.

லண்டன், ஹாரோவில் இருந்து:

இங்கே வாட் கார் பத்திரிகையின் சர்வேயில் பழுது எத்தனை என்பதோடு, வண்டி எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது, செலவு யார் தலையில் விழுந்தது என்றும் கேட்கிறார்கள். ஐந்து வயது வரையிலான வண்டிகள். எனக்கு இது பிடித்திருக்கிறது. லெக்சஸ் இங்கேயும் அடிக்கடி முதலிடம், லேண்ட் ரோவர் அடிக்கடி கடைசி வரிசை. இரண்டு நாட்டில், இரண்டு முறையில் கேட்டும் அதே இரண்டு முனைகள் வருகிறதென்றால் முனைகளை நம்பலாம். நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து பிராண்டுகள் வருடா வருடம் நாற்காலி மாறுவதை நான் பார்ப்பதே இல்லை.

மிச்சிகன், டிராயில் இருந்து:

நான் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வாரண்டி டேட்டா பார்க்கும் வேலையில் இருந்தவன். உள்ளே யாரும் பிராண்ட் தரவரிசையை வைத்துப் பேச மாட்டார்கள். விற்று மூன்று மாதத்தில், 12 மாதத்தில், 36 மாதத்தில் ஆயிரம் வண்டிக்கு எத்தனை பழுது என்று பாகம் வாரியாகத்தான் பேச்சு. எந்த மாதம் செய்த வண்டி என்பது வரைக்கும் பிரிப்போம். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. வாரண்டி முடிந்ததும் வாடிக்கையாளர் வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார், எங்கள் வரைபடத்தில் கோடு அழகாகத் தாழ்ந்துவிடும்.

அந்த டேட்டா வெளியே வராது. வெளியே கிடைப்பது, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இருக்கும் சர்வீஸ் சுற்றறிக்கைகள். கம்பெனி டீலர்களுக்கு அனுப்பும் 'இந்த இன்ஜினில் இப்படி வந்தால் இப்படிச் செய்' என்ற கடிதங்கள். பி.எம்.டபிள்யூ தன் என்63 என்ற எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினுக்கு 2014 கடைசியில் தனியாக ஒரு பராமரிப்புத் திட்டமே அறிவித்தது. டைமிங் செயின், இன்ஜெக்டர் என்று நீண்ட பட்டியல். அதே கம்பெனி 2015-இல் கொண்டு வந்த பி58 ஆறு சிலிண்டர் இன்ஜினை மெக்கானிக்குகளே பாராட்டுகிறார்கள், டொயோட்டா சுப்ராவில் கூட அதுதான் இருக்கிறது. 2022 கடைசியில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பட்டியலில் டொயோட்டா, லெக்சஸுக்கு அடுத்து மூன்றாவதாக பி.எம்.டபிள்யூ வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போய் யாராவது பத்து வயது வி8 வாங்கினால் ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

லெக்சஸ் பக்தர்களுக்கும் ஒன்று: 2007-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டொயோட்டாவின் புது மாடல்களைப் பழைய பெயரை வைத்து மட்டும் பரிந்துரைப்பதை நிறுத்தியது. சராசரிக்குக் கீழே போன மூன்றில் லெக்சஸ் ஜி.எஸ்ஸின் நான்கு சக்கர இயக்க ரகமும் ஒன்று.

சென்னையில் இருந்து:

நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள் சார், திட்டுவதற்காவது உங்களுக்குச் சர்வே இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு விற்கும் சொகுசு கார் மொத்தமே 50,000 சொச்சம்தான், கார் சந்தையில் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதை மாடல் மாடலாகப் பிரித்தால் கேட்பதற்கு ஆளே தேறாது. அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து இங்கே முடிவு எடுப்பதும் சரிப்படாது. 2007-இலிருந்து பி.எம்.டபிள்யூ மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் வண்டி பூட்டுகிறது, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினால் கூப்பிடு தூரம். ஆனால் அந்த வண்டி ஓடப் போவது நம் ரோட்டில். ரன்‌பிளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும்), ஸ்டெப்னி கிடையாது, மழைக்குப் பிறகு வேளச்சேரி பள்ளம். டயரும் வீலும் போனால் எந்தச் சர்வேயிலும் அது குறை என்று ஏறாது.

இங்கே சர்வே என்றால் ஒர்க்‌ஷாப் அண்ணன்தான். நான் ஒரு வண்டி பார்த்துவிட்டு அவரைக் கேட்டேன். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஸ்பேர் பார்ட் எத்தனை நாளில் வரும் என்று கேட்டாயா?" என்றார்.

நோவையில் இருந்து மறுபடி:

டிராய்க்காரர் சொன்ன சுற்றறிக்கை விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் நண்பர் சொன்னபடி முனைகளை நம்பலாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2021-இன் மூன்று வருட ஆய்வில் எல்லா மாடலிலும் குறைவாகக் குறை வந்தது போர்ஷே 911-க்கு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அருமையான வண்டி, சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தெருவில் இருக்கும் 911 நவம்பரில் கவர் போட்டால் ஏப்ரலில்தான் வெளியே வரும். 100 வண்டிக்கு எத்தனை குறை என்றுதான் எண்ணுகிறார்களே தவிர, பத்தாயிரம் மைலுக்கு எத்தனை என்று இல்லை.

அடுத்த வாரம் ஐந்து வயதான பி58 செடான் ஒன்றைப் பார்க்கப் போகிறேன், 60,000 மைலை நெருங்கிவிட்டது. அந்த இன்ஜின் வைத்திருப்பவர்கள் கூலன்ட் குழாய், வாட்டர் பம்ப், ஃபில்டர் ஹவுசிங் இந்த மூன்றையும் எத்தனை மைலில் மாற்றினீர்கள், வெளி ஒர்க்‌ஷாப்பில் என்ன கூலி என்று போட்டால் புண்ணியமாகப் போகும்.