பனையேறி ஆவணப்படம்: காற்றில் போன ஆடியோவைக் காப்பாற்ற முடியுமா?

ஒத்தப்பனை:
வணக்கம். உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறியை வைத்துப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கிறேன். முதல் படம், எல்லா வேலைக்கும் நான் ஒருத்தன்தான். நாலு நாள் ஷூட் முடித்து வந்து ஹெட்போன் மாட்டினால், பேட்டியில் பாதிக்கு மேல் ஓலைச் சத்தம்தான், பெரியவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. காலர் மைக்கைச் சட்டையில் குத்தி, ரெக்கார்டரைச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். மரம் ஏறும்போது சட்டையைக் கழற்றிவிடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை! சாஃப்ட்வேரில் சரி செய்யலாமா? ஃபுட்டேஜ் 7 மணி நேரம் இருக்கிறது, அதில் ட்ரோன் மட்டும் 40 நிமிடம்.

கத்திரிக்கோல்:
மைக்கில் காற்று மோதுகிற ‘குபுகுபு’ சத்தத்தை ஓரளவு வெட்டலாம், அது அடி அதிர்வெண். ஓலைச் சலசலப்பு அப்படி இல்லை, பேச்சின் ச, ஸ எல்லாம் இருக்கிற இடத்திலேயே அதுவும் இருப்பதால் அதை எடுத்தால் குரலும் சேர்ந்து போய்விடும். பேசாமல் இன்னொரு தடவை போங்கள். கேமராவே வேண்டாம், வேலை முடிந்து அவர் உட்காரும் நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் எடுத்து, மரம் ஏறுகிற காட்சிமேல் போடுங்கள். “பயமா இருந்ததா?” என்று கேட்காதீர்கள். தறிக்காரர் ஒருவரிடம் நான் இப்படியே கேட்டு, ஒரு மணி நேரத்துக்கு “ஆமா தம்பி”யாக வாங்கி வந்தேன். “முதல்முதலா ஏறின அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றால் கதை வரும். ட்ரோனில் 20 விநாடி போதும், மனசு கேட்காது, இருந்தாலும்.

தேரிக்காடு:
எங்கள் அப்பா பனையேறி. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஆள் ஏறுவதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், “இன்னொரு தடவை ஏறுங்க” என்று வேறு கேட்பார்கள். காலையும் மாலையும் முப்பது மரம் ஏறுகிறவரிடம் அதைக் கேட்கலாமா? கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே பதனீர் புளிக்காமல் இருக்கத்தான், அப்படியும் அன்றன்றைக்குக் கருப்பட்டியாகக் காய்ச்சியாக வேண்டும். காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குள் அந்தப் புகையில் நின்று, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றுகிறது யார்? எங்கள் வீட்டில் அம்மா. அதை எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் ஆடிக்குள் போய்விடுங்கள், அப்புறம் அடுத்த வருஷம்தான்.

ஒத்தப்பனை:
அண்ணே, நான் அடுப்பை எடுக்கவே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஆடியோவை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். பெரியவர் கழற்றிய சட்டையை விடிலிக் கம்பில்தான் தொங்கவிட்டிருக்கிறார், ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கொதிக்கிற சத்தம், துடுப்பு உரசுகிற சத்தம், நடுவில் பெரியவரின் வீட்டம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், இந்த மனுஷன் மரத்தில் இருக்கிற வரைக்கும் தனக்குத் தண்ணீர்கூட இறங்காது என்கிறார். அவ்வளவு தெளிவு. நாலு நாளில் நான் திட்டமிட்டு எடுத்த எதிலும் இது இல்லை.

கத்திரிக்கோல்:
அதுதான் உங்கள் படம். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் பதிவானது, போட்டுக் காட்டாமல் டைம்லைனில் வைக்காதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒத்தப்பனை:
சரி. ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனோடு போகிறேன்.