முதல் மழையன்று சாலையில் தவளைகள்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஈரமண்:
குட்டையை ஒட்டிப் போட்ட புதுச் சாலை, முதல் மழை இரவு. என்னவென்று புரிவதற்குள் டயருக்கடியில் அந்தச் சத்தம். நிறுத்தினேன். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் தவளை, முதுகில் ஆணைச் சுமந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. தூக்கி ஓரமாக விடலாம் என்று கதவைத் திறந்தேன். பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் ஒதுங்கித்தான் போனேன். லாரி ஒதுங்கியிருக்காது.

பழையவேலி:
எலிக்கு வைத்த பசை அட்டையில் சாரைக் குட்டி. அதுவும் எலிக்காகத்தான் வந்திருக்கும். பாதி உடம்பு ஒட்டிக்கிடக்க, தலையை மட்டும் தூக்கி நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தது. பதறிப்போய் இழுத்தேன். செதிலும் தோலும் அட்டையிலேயே தங்கிவிட்டன. சமையல் எண்ணெய் விட்டால் பசை இளகும் என்று மறுநாள்தான் தெரிந்தது.

நிழல்மரம்:
ஈரமண், லாரியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பல தவளை இனங்கள் முட்டையிட அதே குட்டைக்குத்தான் திரும்ப வரும். குறுக்கே சாலை போட்டால் அதன்மேல்தான் ஏறும். சாலைக்கடியில் சின்னச் சுரங்கவழி, அதை நோக்கித் தள்ளிவிடும் தாழ்வான தடுப்பு, இரண்டும் இருந்தால் சாவு நன்றாகவே குறையும். தடுப்பு இல்லாமல் சுரங்கவழி மட்டும் போட்டுப் பயனில்லை. தவளையைத் தூக்குவதாக இருந்தால் கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். அது தோலாலும் மூச்சுவிடும். கையில் இருக்கும் கொசு மருந்து, சோப்பு எல்லாம் உள்ளே போய்விடும். செங்குத்தான கால்வாய், தொட்டி இருந்தால் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், விழுந்தது ஏறி வரட்டும். பசை அட்டையை வாங்கவே வாங்காதீர்கள்.

என் கதையா? வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்தவரிடம், "ரொம்பத் தூரத்தில் விட்டுவிடுங்கள்" என்றேன். பழகாத இடத்தில் விட்ட பாம்பு பதுங்க இடம் தெரியாமல் அலைந்து சாவது உண்டு என்று அப்புறம்தான் படித்தேன். அதோடு சரி.

ஈரமண்:
யோசனை கேட்டேனா ஐயா? சுரங்கவழி நான் தோண்டுவதா? ஆனால் கை நனைப்பது தெரியாது.

உப்புக்காற்று:
கடற்கரையில் ராத்திரி ஆமைக் குஞ்சுகள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையாகக் கட்டடங்களின் விளக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று அவற்றுக்கு நினைப்பு. ஒன்றைத் தூக்கி அலைப் பக்கம் திருப்பி வைத்தேன். நாலு எட்டு நடந்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, மறுபடி விளக்குப் பக்கம்.