கோப்பி 1880களிலேயே அழிஞ்சதெண்டா, எங்கட அப்பாயி 1977 வரைக்கும் பறிச்சது என்ன?

பாரதிபுரம் பம்ப்காரன்:

வணக்கம். கிளிநொச்சியில தண்ணிப் பம்ப் திருத்துற கடை வைச்சிருக்கிறன். மெசினைப் பற்றிக் கேட்டா நித்திரையிலயும் சொல்லுவன், வரலாறு எனக்கு வராது. ஆனா வீட்டில ஒரு வழக்கு நடக்குது. தீர்ப்புச் சொல்ல விசயம் தெரிஞ்ச ஆள் வேணும்.

மகள் இந்த வருசம் ஓ.எல். எடுக்கிறாள். கோப்பிக்கு இலைநோய் வந்து அழிஞ்சு போச்சு, அதுக்குப் பிறகுதான் தேயிலை வந்தது எண்டு பாடத்தில இருக்கு. அவள் அதைச் சத்தம்போட்டுப் படிக்க, வெத்திலை இடிச்சுக்கொண்டிருந்த என்ர அப்பாயி, "யாரு சொன்னா அழிஞ்சிருச்சுன்னு? கலவரத்து வருசம் வரைக்கும் நான்ல பறிச்சேன்" எண்டு எழும்பிட்டா. மகள் விடேல்ல. பரீட்சையில அப்பாயி சொன்னதை எழுதினா ஒரு புள்ளியும் வராது எண்டிட்டாள். இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறதில்லை.

அப்பாயிக்கு எண்பது தாண்டீட்டுது, ஆனா நினைவு நல்ல தெளிவு. அவ சொல்லுறதை அப்படியே எழுதுறன். மாத்தளையில இருந்து ரத்தோட்டைக்குப் போய், அதுக்கும் மேல ஏற வேணுமாம். தாத்தாவுக்குத் தோட்டத்தில வேலை. தோட்டத்து ஆக்கள் இருந்த லயத்து வீடுகளுக்குப் பின்பக்கம் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சரிவில எங்கட கோப்பி. முக்கால் ஏக்கர் வரும் எண்டுறா. மேல பலாவும் முருங்கையும் நிழலுக்கு, மரத்தில மிளகுக் கொடி. பழம் சிவந்த பிறகு சாக்கை இடுப்பில கட்டிக்கொண்டு போய்ப் பறிப்பாவாம். வாசலில சாணம் மெழுகிக் காயப்போட்டு, உரலில குத்தித் தோல் எடுத்து, ரத்தோட்டைக் கடைக்காரருக்குக் குடுக்கிறது. வீட்டுக்குக் கொஞ்சம் வைச்சு மல்லியும் சுக்கும் சேர்த்து வறுக்கிறது. சில மரத்தில இலைக்கு அடியில மஞ்சளாப் பொடி ஒட்டிக் கிடக்குமாம், சீலையில பட்டாப் போகாதாம்.

பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலயே கோப்பிக்கு வந்த குடும்பம், மன்னாரில இறங்கி நடந்து வந்தவங்க எண்டும் சொல்லுவா. கடைசி வருசம் கோப்பிக்கு நல்ல விலையாம். "அந்த வெலைதான் எங்களுக்கு வெனையா வந்துச்சு" எண்டுறா. அதுக்கு மேல கேட்டா வாய் திறக்க மாட்டா. 77 ஆவணியில தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்தில லயத்துக்கு நெருப்பு வைச்சாங்கள். பிறகு லொறியில வவுனியா, அங்க இருந்து கிளிநொச்சி. கொண்டுவந்த கொஞ்சக் கடதாசியும் 2009இல முள்ளிவாய்க்காலோட போச்சு.

கேள்வி இதுதான். அந்தக் காலத்தில கோப்பி உண்மையில இருந்ததா? லயத்து ஆக்களிட்ட சொந்தமாக் கோப்பிக் காணி இருக்க ஏலுமா? எங்கயாவது ஒரு பதிவு கிடைக்குமா? ஒரு கந்தோரில கேட்டன். காணி உறுதிப் பத்திரம் இருந்தாக் கொண்டு வாரும் எண்டு சிரிச்சுக்கொண்டு அனுப்பிட்டாங்கள். உறுதி இருந்தா நான் ஏன் அங்க போறன்?

வவுனியா வாத்தி (இளைப்பாறியவர்):

தம்பி, பிள்ளையின்ர புத்தகத்தில இருக்கிறது வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின்ர கோப்பி. அப்பாயி பறிச்சது ஊர்க் கோப்பி.

துரைமார் 1820களில கம்பளைப் பக்கம் சிங்கபிட்டியில தொடங்கினாங்கள். 1870களின்ர கடைசியில மலைநாட்டில ரெண்டே முக்கால் லட்சம் ஏக்கர் மட்டில கோப்பி நிண்டது. 1869இல மடுல்சீமைப் பக்கம் முதன்முதலாக் கண்ட துருநோய்தான் அதைத் திண்டது. அப்பாயியின்ர சீலையில ஒட்டின பொடி அதே பூஞ்சணத்தின்ர வித்துத்தான். லேசில போகாது. மகளிட்டச் சொல்லும், அந்தப் பாடத்தில இருக்கிற நோயைக் கையால தொட்ட ஒரு ஆள் வீட்டுக்குள்ளயே இருக்கிறா எண்டு.

நோய் வந்த உடன எல்லாம் சாகேல்ல. விளைச்சல் வருசா வருசம் இறங்க, கடன் குடுத்த ஓரியன்டல் வங்கி 1884இல முறிய, துரைமார் கோப்பியைப் பிடுங்கித் தேயிலை வைச்சாங்கள். ஆனா கண்டிச் சீமைக் கிராமத்துச் சனம் வெள்ளைக்காரனுக்கு முந்தியே வீட்டுத் தோட்டத்தில கோப்பி வைச்சிருந்தது. அவைக்கு வங்கிக் கடனும் இல்லை, லண்டன் சந்தைக் கவலையும் இல்லை. பலாவுக்குக் கீழ பத்து மரம் நிண்டா நிக்கட்டும் எண்டு விட்டினம். பிறகு நோயைத் தாங்குற ரொபஸ்டா எண்ட கோப்பி இனமும் வந்தது. மாத்தளை, கண்டிப் பக்கத்தில மிளகு, கராம்போட கோப்பி இண்டைக்கும் நிக்குது. 1972இல அரசாங்கம் இந்தச் சிறு பயிர்களுக்கெண்டே ஒரு திணைக்களம் தொடங்கினது, அதின்ர ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில. அழிஞ்ச பயிருக்கு ஆர் ஆராய்ச்சி நிலையம் வைப்பான்?

அடுத்தது, காணி சொந்தமோ எண்டது. இதுதான் நோகிற இடம். 1948இல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகச் சனத்தில பெரும்பகுதி நாடற்றவராப் போச்சு. பிரஜை இல்லாத ஆளுக்குக் காணி கைமாறினா அதின்ர பெறுமதி அளவுக்கே வரி எண்டு 1963இல சட்டம் போட்டினம். லயத்து மனிசனுக்கு ஒரு ஏக்கரை ரெண்டு ஏக்கர் விலையில வாங்க எங்கால காசு? அதால கிராமத்து ஆளின்ர காணியைப் பாதிக்குப் பாதி எண்டு செய்யிறது, இல்லாட்டி காசைக் குடுத்திட்டு உறுதியை இன்னொருத்தரின்ர பேரில விடுறது, இதுதான் வழி. ரெண்டுக்கும் கடதாசி இராது. உம்மட தாத்தாவின்ர கையில உறுதி இல்லாததை வைச்சு அவர் அந்த மரங்களை வைக்கேல்ல எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது.

விலையைப் பற்றி அவ சொன்னதை வாசிச்சு நான் கதிரையில நிமிர்ந்து இருந்தன். 1975 ஆடியில பிரேசிலில கடும் உறைபனி விழுந்து கோப்பி மரம் கோடிக்கணக்கில கருகினது. உலகச் சந்தையில விலை ஏறிக்கொண்டே போய் 1977 சித்திரை மட்டில உச்சத்துக்கு வந்தது. அதே வருசம் ஆவணியில கலவரம். அதுவரைக்கும் அரைப் பங்கோட திருப்திப்பட்ட காணிக்காரனுக்கு முழுப் பங்கிலயும் கண் விழுந்திருக்கலாம். இது என்ர ஊகம்தான், அந்தச் சரிவில என்ன நடந்தது எண்டு அப்பாயிக்குத்தான் தெரியும். அவ சொல்ல விரும்பாட்டி விட்டுவிடும்.

பதிவுக்கு ரெண்டு இடம் சொல்லுறன். ஒண்டு, உம்மட அப்பா, அத்தைமாரின்ர பிறப்புப் பதிவு. தோட்டத்தின்ர பேர் அதில இருக்கும். மாத்தளை மாவட்டத்துப் பதிவெண்டு சொல்லிப் பிரதி கேளும். மற்றது, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ பூட்டன் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிச்சிருந்தாரோ எண்டு விசாரியும். கலியாணம் கட்டினவை 1946 தை முதலாந் திகதிக்கு முந்தி ஏழு வருசம், கட்டாதவை பத்து வருசம் இஞ்ச தொடர்ந்து இருந்ததெண்டு காட்ட வேணும். அதுக்காக எந்தத் தோட்டம், எப்பதொட்டு எண்டு வரிசையா எழுதிக் குடுத்தினம். மறுக்கப்பட்ட விண்ணப்பமெண்டாலும் உமக்கு அது புதையல்.

77இல வவுனியாவுக்கு வந்த லொறிகளை நானும் கண்டனான். டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் காந்தியம் எண்டு நடத்தி அந்தச் சனத்தைக் குடியேத்தின காலம். டொக்டரை 83இல வெலிக்கடைச் சிறையில கொண்டுபோட்டாங்கள். அது வேற கதை, தொடங்கினா நிறுத்த மாட்டன்.

முருங்கன் சைக்கிள்:

மன்னாரில இறங்கி நடந்தது பற்றி மட்டும் சொல்லுறன், மற்றது வாத்தியார் சொல்லிட்டார். அண்ணை, உங்கட பாட்டன்மார் நடந்தது எங்கட வன்னிக் காட்டுக்குள்ளாலதான். அக்கரையில, இந்தியாவில இருந்து தோணியில தலைமன்னார், அரிப்புப் பக்கம் வந்து இறங்கி, மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை தாண்டி மாத்தளை. வாந்திபேதியிலயும் காய்ச்சலிலயும் தண்ணி இல்லாமலும் வழியிலயே விழுந்தவை ஏராளம். எங்கட பக்கத்தில பழைய ஆக்கள் காட்டுற கேணிகள் இருக்கு. தலைமன்னார் ரயிலும் கப்பலும் 1914இலதான் வந்தது.

இன்னொண்டு. கோப்பிக் காலத்தில கனபேர் ஒவ்வொரு வருசமும் வந்து போனவை. ஆவணி தொடக்கம் மார்கழி மட்டும் பழம், பிறகு ஊரில வயல். தேயிலைக்குத்தான் வருசம் முழுக்க ஆள் வேண்டியிருந்தது, குடும்பத்தோட இருத்தினாங்கள். அப்ப உங்கட பாட்டன்மார் இந்தக் காட்டை ஒருக்கா மட்டும் கடக்கேல்ல.

2023இல, மலையகச் சனம் வந்து 200 வருசமெண்டு நினைவுகூர, மலையகம் 200 எண்டு தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடந்தாங்கள். எங்கட ஊரில தண்ணி குடுக்க நிண்டனான். நான் ஒரு மைல்தான் கூட நடந்தன். வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்குக் காலில செருப்பும் இருந்தது.

ரத்தோட்டைக்காரி:

அண்ணே, நாங்க இன்னும் இங்கதான் இருக்கோம். ஓடை, அதுக்கு அங்கிட்டு சரிவுன்னு அப்பாயி சொன்னதைப் படிச்சா இந்தப் பக்கத்துல பாதி தோட்டம் அப்படித்தான். தோட்டப் பேரு தெரிஞ்சா சொல்லுங்க, எங்க சித்தப்பாவுக்குப் பழைய கங்காணி வீடுக வரைக்கும் தெரியும்.

எங்க வீட்டுப் பின்னாடியும் கோப்பி இருக்கு. ரொபஸ்டாதான், இலை கையகலம், மரத்தை வளைச்சுத்தான் பறிக்கணும். சின்ன இலை மரம் ரெண்டு மூணு இருக்கு, அது அரபிக்கா. பொடி ஒட்டுறது அதுலதான். அப்பாயி மரத்துலயும் ரெண்டும் கலந்து நின்னுருக்கும், அதான் "சில மரத்தில"ன்னு சொல்லியிருக்காங்க. பழுக்கிற நேரம் மரநாய் வந்து தின்னுட்டுக் கொட்டையைப் பாறையில போட்டுட்டுப் போகும். எங்க அம்மா கண்டபடி ஏசும். இப்ப என்னடான்னா அதைத்தான் வெளிநாட்டுக்காரன் காசு கொட்டி வாங்குறானாம். மரநாயைப் பத்தி அப்பாயிக்கிட்ட கேட்டுப் பாருங்க, நெசமாப் பறிச்சவங்கன்னா ரெண்டு வார்த்தை ஏசாம விட மாட்டாங்க.

பாரதிபுரம் பம்ப்காரன்:

வாத்தியார், தங்கச்சி, முருங்கன் தம்பி, எல்லாருக்கும் நன்றி. மகளிட்ட வாசிக்கக் குடுத்தன். ரொபஸ்டா எண்ட இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்துப் பென்சிலால ஓரத்தில என்னவோ எழுதினாள், எனக்குக் காட்டேல்ல.

மரநாயைக் கேட்டன். தங்கச்சி, இஞ்ச எழுத ஏலாத வார்த்தை வந்தது. அதுக்குப் பிறகு தானாகவே கதைச்சா. காணி பண்டா எண்ட ஒரு மனிசனின்ரயாம். நல்ல மனிசன், பங்கு பிரிக்கிற நாளில வீட்டில சாப்பிட்டுத்தான் போவாராம். அவர் செத்த பிறகு மகன் வந்து இனிப் பங்கு இல்லை, கூலிக்குப் பறியுங்கோ எண்டிருக்கிறான். தாத்தா மாட்டன் எண்டிட்டார். ரெண்டு மாசத்தில லயம் எரிஞ்சது. அவன்தான் வைச்சவனோ எண்டு கேட்டன். "மூஞ்சியத் துணியால கட்டியிருந்தாங்க, எவன்னு சொல்றது" எண்டா. வாத்தியாரின்ர ஊகம் முழுக்கப் பிழையில்லைப் போல.

பிறப்புப் பதிவுக்கு அத்தையின்ர பேரில விண்ணப்பம் எழுதியாச்சு. பள்ளிக்கூட லீவில மூண்டு பேரும் மாத்தளைக்குப் போறம். ஏறேலாட்டி நான் தூக்குறன் எண்டு அப்பாயியிட்டச் சொல்லியிருக்கிறன். தங்கச்சி, சித்தப்பாவோட கதைக்க வேணும், உள்பெட்டிக்கு வாங்கோ. இன்னொரு உதவி: கிணத்தடியில வைக்கக் கொஞ்ச விதை தபாலில அனுப்பலாமோ? இந்த வெக்கையில வருமோ?

ரத்தோட்டைக்காரி:

இப்ப அனுப்பினா வேஸ்ட்டு அண்ணே. ரொபஸ்டா விதை ரெண்டு மூணு மாசத்துக்கு மேல தாங்காது, வீட்டுல கிடக்கிறது போன பறிப்புல எடுத்தது. அரபிக்காவை மறந்துருங்க, உங்க ஊரு சூட்டுக்கு அது சரிவராது. வரும்போது கன்னாவே எடுத்துட்டுப் போங்க, பையில வச்சுத் தாரேன். வாழைக்குக் கீழ நிழல்ல வைங்க, வைகாசியில இருந்து மழை வர்ற வரைக்கும் தண்ணி விடாம இருக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்ககிட்ட பம்ப் இருக்கே.