மனந்திரும்புவதும் ஒரு கிரியைதானே?

கேள்வி:
ஞாயிறு பள்ளி பெரிய வகுப்புக்கு எபேசியர் 2 நடத்துகிறேன். இரட்சிப்பு கிருபையினால் (தேவன் இலவசமாய்த் தரும் தயவினால்), கிரியையினால் (நம் செயல்களால்) அல்ல என்றதும் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "மனந்திரும்பி விசுவாசிப்பது நாங்கள்தானே, அதுவும் கிரியைதானே?" 'நாம் ஓரடி வைத்தால் மிச்சத்தைத் தேவன் பார்த்துக்கொள்வார்' என்று விளக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் ஐயா. சபை அந்த விளக்கத்தை ஆராய்ந்து மறுத்திருக்கிறது. மனிதன் தன் சித்தத்தின் பலத்தாலேயே நீதியாய் வாழலாம் என்ற பெலாகியு என்ற துறவியின் போதனையை ஆயர் அகுஸ்தீன் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் (ஆயர்கள் கூடிய சபைக்கூட்டம்) அதைக் கண்டித்தது. பிறகு தென் பிரான்சுப் பகுதித் துறவிகள் சிலர் நடுவழி ஒன்றைச் சொன்னார்கள்: விசுவாசத்தின் தொடக்கம் நம்மிடமிருந்து, உதவி தேவனிடமிருந்து. நீங்கள் கேட்கும் 'ஓரடி' இதுதான். 529-இல் ஆரஞ்சு நகரச் சங்கம், விசுவாசிக்க வேண்டும் என்ற விருப்பமே பரிசுத்த ஆவியானவர் தருவது என்று தீர்மானித்தது. பிலிப்பியர் 1:29, 2:13 இரண்டையும் வகுப்பில் வாசியுங்கள். எபேசியர் 2:1 நம்மை 'மரித்தவர்கள்' என்கிறது. மரித்தவன் எப்படி முதல் அடி வைப்பான்? மனந்திரும்புவது நாம்தான், ஆனால் அது கிருபைக்கு நாம் கொடுக்கும் விலை இல்லை. கிருபை நமக்குள் செய்யத் தொடங்கிவிட்டதன் முதல் பலன்.

பதில் 2:
கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பை வாங்கப் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இதுபற்றிய தன் விதிகளில் முதலாவதாகவே, கிறிஸ்து வழியாக வரும் அருள் (நீங்கள் சொல்லும் கிருபை) இன்றித் தன் செயல்களால் ஒருவர் கடவுளுக்கு ஏற்புடையவராக முடியும் என்பதைக் கண்டித்தது. எந்தத் தகுதியும் இல்லாதவரைத் தேடி அருளே முந்தி வருகிறது. அவர் அதற்கு இணங்கலாம், மறுக்கவும் செய்யலாம். உண்மையான வேறுபாடு இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. லூத்தரன் போதனையில் அழுத்தம், கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுவதில். கத்தோலிக்கப் போதனையில் அருள் ஆன்மாவினுள் பொழியப்பட்டு அதை மாற்றுகிறது. அதனால்தான் சாவான பாவத்தால் (அறிந்தே செய்யும் கனமான பாவத்தால்) அதை இழப்பது பற்றியும், ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) திரும்பப் பெறுவது பற்றியும் பேசுகிறோம். இரு தரப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில், மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பு 2017-இலும் இணைந்தன.

பதில் 3:
வகுப்புக்கு வரிசை இப்படி வைக்கலாம்: முதலில் ரோமர் 5:6-10, பிறகு எபேசியர் 2:1-10, கடைசியில் தீத்து 2:11-12. எபேசியரில் 9-ஆம் வசனத்தோடு நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. 10-ஆம் வசனத்தில் நற்கிரியைகள் வருகின்றன, இரட்சிப்பின் காரணமாக அல்ல, அதன் நோக்கமாக. கிருபையை மறுக்க முடியுமா என்பதில் சீர்திருத்தச் சபையாரும் (கால்வினின் வழிவந்தவர்கள்) வெஸ்லியின் வழிவந்தவர்களும் (மெதடிஸ்டுகள்) இன்றும் வேறுபடுகிறார்கள். அதை ஒரே வகுப்பில் முடித்துவைக்க முயல வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிவிட்டால், ஜெபித்தும் குணமாகாத நோயாளியிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்கிற கொடுமையில் போய் முடியும். விசுவாசம் வாங்கும் கை மட்டுமே. கை மெலிந்திருப்பதால் ஈவு குறைவதில்லை.

"அப்படியானால் பாவம் செய்தால் என்ன?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ரோமர் 6:1-இல் பவுலே அந்தக் கேள்வியை எழுப்புகிறார். அவர் சொல்லும் பதில் தண்டனை பற்றிய பயமுறுத்தல் அல்ல, ஞானஸ்நானம்: கிறிஸ்துவோடு பாவத்துக்கு மரித்தவன் இனி அதிலே எப்படிப் பிழைப்பான்? 14-ஆம் வசனம் வரை சேர்த்தே வாசியுங்கள்.