கேமில் டிஆர்எம் (காசு கொடுத்து வாங்கியவர்தானா என்று சோதிக்கிற மென்பொருள் பூட்டு) இருந்தால் வாங்கவே மாட்டேன் என்பவர்கள், எது நடந்து அப்படி ஆனீர்கள்?

தென்னந்தோப்பு (பேராவூரணி):

டிஆர்எம் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2018 நவம்பர், கஜா புயல். கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. அப்போது ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மோட்டார் ஓட்டித் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்களே, நம் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் வீட்டு முறை வந்தபோது, டேங்க் நிரம்புகிற நேரத்துக்குள் அக்கம்பக்கத்து செல்போன் அத்தனையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கியது, ஓரமாக என் லேப்டாப். அண்ணன் வீட்டு ஓடு பறந்துபோனதால் அவர் பையன் எங்களோடுதான் இருந்தான். தென்னை எல்லாம் விழுந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்துப் பேச்சே குறைந்துபோன பிள்ளை, அன்றைக்குத்தான் வாயைத் திறந்து "சித்தப்பா, அந்தக் கார் கேம் போடுங்களேன்" என்றான்.

தீபாவளி சமயம் தள்ளுபடியில் காசு கொடுத்து வாங்கிய கேம். தனியாக ஓட்டுகிற பந்தயம்தான், எதிரில் ஓடுகிற காரெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுவது. திறந்தால், சர்வரோடு இணைய முடியவில்லை என்று ஒரு பெட்டி. கீழே இரண்டே பட்டன், மறுபடி முயற்சி செய், வெளியேறு. அவன் முதல் பட்டனை அழுத்துவான், வட்டம் சுற்றும், அதே பெட்டி வரும், திரும்ப அழுத்துவான். டேங்க் வழிந்து ஜெனரேட்டர்காரர் நிறுத்துகிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தான்.

அதிலிருந்து, தனியாக ஆடுகிற கேம் நெட் கேட்டால் நான் வாங்குவதில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் என் கணக்கின் கேம் லைப்ரரியில் சேர்ப்பதில்லை, அந்த அளவுக்குக் கண்டிப்பு.

வெற்றிலைக்கொடி (கும்பகோணம்):

எனக்கு நெட் பிரச்சினை இல்லை, சிடி பிரச்சினை. சிங்கப்பூரில் இருந்த மாமா ஊருக்கு வரும்போது ஒரிஜினல் கேம் சிடி ஒன்று வாங்கிவந்தார். தடியான அட்டைப்பெட்டி, உள்ளே புத்தகம், புத்தகத்தின் பின்னட்டையில் சீரியல் நம்பர். அப்பா அதை நிலப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்தார், ஆட வேண்டுமென்றால் அவரிடம் சாவி கேட்க வேண்டும். தெருவில் மற்ற எல்லோரிடமும் இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் எழுதிக் கொடுக்கிற முப்பது ரூபாய் சிடி.

2015-ல் விண்டோஸ் 10 வந்தது. போட்டு டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை. தேடிப் பார்த்ததில், சிடியில் இருந்த பூட்டு சேஃப்டிஸ்க் என்று தெரிந்தது. சிடி அசலா என்று பார்ப்பதற்காக அது விண்டோஸின் அடிமடியில் டிரைவர் என்ற குட்டி மென்பொருள் ஒன்றை உட்கார வைக்கும். அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்பதால் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ல் அதை ஓட விடவில்லை, அதே வருஷம் செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8-லும் முடக்கினார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்வீட்டுப் பையன் வைத்திருந்த முப்பது ரூபாய் சிடியில் அந்தப் பூட்டை எழுதும்போதே கழற்றிவிட்டிருந்தார்கள். அது அதே விண்டோஸ் 10-ல் ஜோராக ஓடியது. அவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்த கேமை நான் முடித்தேன். மாமா கொடுத்த காசு எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ரெண்டாம்ஷோ (திருவாரூர்):

தென்னந்தோப்பு அண்ணே, கஜாவில் நாங்களும் அடிபட்டவர்கள்தான், அந்தப் பையனை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒரு புயலை வைத்து ஆயுசுக்கும் சட்டம் போட்டுக்கொள்வது சரியில்லை. கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமும் டிஆர்எம்தானே, அதையும் விட்டுவிட்டீர்களா? 2004-ல் ஹாஃப் லைஃப் 2-வைக் கடையில் பெட்டியாக வாங்கியவர்கள்கூட ஸ்டீமில் கணக்குத் திறந்தால்தான் ஆட முடியும் என்றபோது இதே சண்டையைப் போட்டார்கள். இன்றைக்கு ஸ்டீம் இல்லாத கம்ப்யூட்டரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

என் அனுபவம் உங்களுக்கு நேர்மாறு. காலேஜில் இருந்தே நாங்கள் நாலு பேர் ஒரு செட். நாலு பேர் சேர்ந்து ஆடுகிற கேம் ஒன்று வந்தது, அதில் டெனுவோ என்கிற டிஆர்எம் பூட்டு இருக்கிறது என்று ஒருத்தன் மட்டும் வாங்க மாட்டேன் என்றான். சரி, காசுதான் பிரச்சினையோ என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கிஃப்டாக அனுப்பினோம். டிக்ளைன் செய்துவிட்டான், காசு திரும்பி வந்தது. பொங்கல் லீவு, ராத்திரி, ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கூடுகிற லாபியைத் திறந்தால் மூன்று பெயர், நாலாவது கட்டம் காலி. அவன் ஆன்லைனில்தான் இருந்தான், பெயர் பச்சையில் தெரிந்தது, தனியாக வேறெதையோ ஆடிக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொள்கை பெரிதா கூட்டாளி பெரிதா, கண்டிப்பாக இருப்பவர்கள் பதில் சொல்லுங்கள்.

மணிக்கூண்டுப்பக்கம் (மயிலாடுதுறை):

தம்பி, ஸ்டீமும் டிஆர்எம்தான் என்று ஒரே போடாகப் போட முடியாது, கீழே சொல்கிறேன். முதலில் என் கதை. நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். 2008 வாக்கில் ஒரிஜினலாகவே இருக்கட்டும் என்று ஒரு கேம் வாங்கிப் போட்டேன், குறிப்பிட்ட தடவைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்ற கட்டுப்பாடு. ஸ்போர் கேமில் மூன்று தடவைதான் என்று வைத்து உலகமே கத்தி, அப்புறம் அஞ்சாக்கினார்களே, அந்தக் காலம். சென்டரில் பென் டிரைவ் வழியாக வைரஸ் வரும், வந்தால் ஃபார்மட்தான் மருந்து, ஒவ்வொரு ஃபார்மட்டும் ஒரு ஆக்டிவேஷனைத் தின்னும். கணக்குத் தீர்ந்த அன்றைக்கு ஒரு பையன் டியூஷன் நோட்டும் கையுமாக வந்து, வியர்வையில் நனைந்த பத்து ரூபாய்த் தாளை மேஜையில் வைத்து அந்த கேமைக் கேட்டான். தாளை அவன் பக்கம் திருப்பித் தள்ளினேன். சொந்தக் காசில் வாங்கிய பொருளை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது விஷயம். ஸ்டீமில் பூட்டு போடுவதும் விடுவதும் கேம் செய்தவர்கள் இஷ்டம், ஸ்டீம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இறக்கி முடித்ததும் ஸ்டீமை முழுசாக மூடிவிட்டு, ஃபோல்டருக்குள் போய் கேமைத் தொடங்குகிற எக்ஸி ஃபைலை நேரடியாகத் திறந்து பாருங்கள். ஸ்டீமைக் கூப்பிடாமல் ஓடினால் அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன்னால், கடைப் பக்கத்தில் வலது ஓரம் பாருங்கள், டெனுவோ மாதிரி வெளிப் பூட்டு இருந்தால் அங்கே போட்டிருக்கும். வாங்கிய உடனே நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீமில் காசு திரும்பக் கிடைக்கும், ஆகவே இந்தச் சோதனையை முதல் அரை மணியிலேயே செய்துவிடுங்கள். ஜிஓஜி என்ற இன்னொரு ஆன்லைன் கேம் கடை என்றால் இந்தத் தலைவலியே இல்லை, 2008-ல் ஆரம்பித்ததில் இருந்து பூட்டில்லாமல் விற்பதுதான் அவர்கள் வழி, 30 நாள் வரைக்கும் காசும் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஜிஓஜியில் வாங்கிவிட்டு லைப்ரரியிலேயே விட்டுவைப்பவர்களும் நிறைய. நெட் இல்லாமலே நிறுவ உதவுகிற ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி வைக்காதவரை கேம் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் இறக்கிவிடுவது நல்லது, நம் பக்கம் எப்போது கேபிள் அறும் என்று சொல்ல முடியாது.

தென்னந்தோப்பு (பேராவூரணி):

ரெண்டாம்ஷோ, கூட்டாக ஆடுவதற்கு சர்வர் வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அதை நான் டிஆர்எம் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொன்னது தனியாக ஆடுவதை. நெல்லை விலை கொடுத்து வாங்கி நம் வீட்டுக் குதிரில் கொட்டிய பிறகும் குதிர்ச் சாவி விற்றவன் இடுப்பிலேயே இருந்தால் அது எப்படி நம் நெல் ஆகும்? புயல் வரவே வேண்டாம். தி க்ரூ என்ற கார் பந்தய கேமைப் பாருங்கள், 2024 மார்ச் 31-ல் சர்வரை மூடினார்கள், தனியாக ஓட்டுகிறவனும் காரை எடுக்க முடியவில்லை. அப்புறம் வாங்கியவர்கள் கணக்கில் இருந்த லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். அதில் கொதித்துத்தான் ராஸ் ஸ்காட் என்பவர் விற்ற கேமைச் செயலிழக்க வைக்காதே என்கிற ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார், ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியில் இருந்து, விற்பது லைசென்ஸ்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பட்டன் வைக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அத்தனை பேரும் ஒரு புயலைப் பார்த்தா பயந்தார்கள்?

உங்கள் நண்பன் கிஃப்டைத் திருப்பியது சரி என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரெண்டாம்ஷோ (திருவாரூர்):

சரி என்று நீங்கள் சொல்லலாம், அந்தக் கட்டம் காலியாக இருந்தது உங்கள் லாபியில் இல்லை.

கொள்ளிடக்கரை (சீர்காழி):

சண்டைக்கு நடுவில் எழுதுகிறேன். கேமில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது, இது என் அண்ணனைப் பற்றி. போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய சிம்மை வீட்டில் சரண்டர் செய்துவிட்டார்கள், அதற்கப்புறம்தான் கேம் கணக்கைத் திறக்க அந்த நம்பருக்குத்தான் ரகசிய எண் வரும் என்று தெரிந்தது. கேம் விற்ற ஆன்லைன் கடைக்கு எழுதினோம். கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது என்று நாலு வரியில் பதில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அவர் வாங்கியதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

அவர் அலமாரியில் கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது, மேலே வெள்ளை டேப் ஒட்டி "பூட்டில்லாதவை" என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். என் மகன் அதை மாட்டி ஒரு கேமைப் போட்டான், எதையும் கேட்காமல் திறந்தது. அப்பா ஒருநாளும் கேம் பக்கம் வராதவர். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதைத்தான் ராத்திரியெல்லாம் ஆடிக்கொண்டிருந்தானா" என்று கேட்டு, விதிமுறை என்ன, யாரைச் சுட வேண்டும், எங்கே போக வேண்டும் என்று பேரனிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். அண்ணனின் கண்டிப்பால் அப்பாவுக்குக் கிடைத்தது அந்தச் சாயங்காலம், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

மணிக்கூண்டுப்பக்கம் (மயிலாடுதுறை):

அம்மா, படித்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க் எத்தனை வருஷம் ஓடியதோ, இன்றைக்கே புதிதாக ஒன்று வாங்கி முழுசாகக் காப்பி எடுத்துவிடுங்கள். பெரிய கேம் என்றால் ஒரு எக்ஸி ஃபைலோடு, பெயர் '.bin' என்று முடிகிற பாகங்கள் இருக்கும், அதில் ஒன்று குறைந்தாலும் நிறுவ முடியாது, ஆகவே ஃபோல்டர் ஃபோல்டராகவே எடுக்கச் சொல்லுங்கள். காப்பி எடுத்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை நிறுவிப் பார்க்கட்டும், பையனுக்கு லீவு நாளில் அதுவே வேலை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் ஒரு டிஸ்காவது மாடியில் இருக்கட்டும்.