சேலம் 1692: வரப்புத் தகராறா, அரசு செய்த கொலையா?

நிலவன்:
அமெரிக்காவில், அப்போது இங்கிலாந்தின் காலனியாக இருந்த மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692-ல் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோகிறோம். யார் யார்மேல் புகார் கொடுத்தார் என்று பாருங்கள். முன்னால் நின்ற புகார்தாரர் தாமஸ் புட்னம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டி. அவர் பிறந்த ‘டவுன்’ என்ற குடும்பத்தோடு புட்னம்களுக்குப் பக்கத்து ஊரான டாப்ஸ்ஃபீல்டின் எல்லையில் நிலத் தகராறு. நர்ஸ், அவர் தங்கை மேரி ஈஸ்டி இருவருமே தூக்கிலேறினார்கள். இது வரப்புச் சண்டைதான், சூனியம் ஒரு சாக்கு.

கயல்:
வரப்புச் சண்டை இல்லாத ஊர் உண்டா? புட்னம் புகார்தான் கொடுக்கலாம், தண்டனை விதிக்க முடியாது. 1684-ல் காலனிக்கு ஆட்சி உரிமை தந்த அரச சாசனமே ரத்தானது. 1689-ல் ஆளுநர் ஆண்ட்ரோஸை மக்கள் சிறைபிடித்தார்கள். வடக்கே பிரெஞ்சுக்காரர்களோடும் பூர்வகுடிகளோடும் போர். அந்த நிலையில் 1692 மே மாதம் வந்திறங்கிய புது ஆளுநர் ஃபிப்ஸ், சட்டமன்றம் கூடும் முன்பே தனி நீதிமன்றம் அமைத்தார். இன்னாருடைய உருவம் ஆவியாக வந்து கிள்ளியது என்பதைக்கூடத் தலைமை நீதிபதி ஸ்டோட்டன் சாட்சியமாக ஏற்றார். நர்ஸ் நிரபராதி என்றுதான் ஜூரி முதலில் சொன்னது! மறுபடி யோசிக்கச் சொன்னது அவர்தான். அந்த 71 வயதுப் பாட்டியைக் கொன்றது புட்னமா?

நிலவன்:
ஜூரி விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஃபிப்ஸ் நர்ஸின் தண்டனையை நிறுத்திவைத்தாரே? அதைத் திரும்பப் பெற வைத்தவர்கள் சேலத்துப் பெரிய மனிதர்கள். ஊர்க்காரர்களுக்குக் கை இல்லை என்றா சொல்கிறீர்கள்?

மருதன்:
முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருத்தியான, ஊர்ப் பாதிரியார் பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிட்டுபாவை இருவருமே விட்டுவிட்டீர்கள். அவளுக்கு நிலமும் இல்லை, கட்சியும் இல்லை. சூனியம் செய்ததாக அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கு பரவியது. ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர் எவரும் தூக்கிலேறவில்லை, பொய் சொல்ல மறுத்தவர்கள்தான் செத்தார்கள். எனக்கு ஆறாதது இதுதான். உண்மை சொன்னால் சாவு, பொய் சொன்னால் உயிர் என்று ஒரு நீதிமன்றமே நடந்திருக்கிறது.

கயல்:
நான் சொல்வதும் அதுதான், மருதன். அக்டோபரில் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் சூனியக்காரி என்று அவர் மனைவி பெயரே பேச்சில் அடிபட்டது. 1693-ல் புது நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தை ஒதுக்கியதும் பெரும்பாலோர் விடுதலை. அதே ஊர், அதே புட்னம்கள். எல்லைத் தகராறு மூன்றே மாதத்தில் தீர்ந்துவிட்டதா?

நிலவன்:
தீரவில்லை. 1706-ல் புட்னம் மகள் ஆன் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டபோது, எத்தனையோ பேர்மேல் புகார் சொன்னவள், நர்ஸையும் அவர் தங்கைகள் இருவரையும்தான் தனியே குறிப்பிட்டாள். பகையால் செய்யவில்லை, சாத்தான் ஏமாற்றிவிட்டான் என்றாள். அந்தக் குடும்பத்தை மட்டும் ஏன் பிரித்துச் சொன்னாள் என்று கேட்டுப் பாருங்கள், கயல்.