பெரிய மிஸ், சின்ன மிஸ்

உப்புவெளியான்:
யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். திருகோணமலை டைக் வீதி வீட்டில் நாற்பது வருடம் ஒன்றாக இருந்தவர்கள். பெரியவர் கவிதை எழுதினார், சின்னவர் கணக்குப் படிப்பித்தார். பெரிய மிஸ்ஸை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன இரவு முச்சக்கரவண்டி ஓட்டியது நான்தான். படிவம் நிரப்பிய பெண் பிள்ளை, "நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டது. சின்ன மிஸ் பேனையை வாங்கித் தானே 'தோழி' என்று எழுதினார். அந்தப் பிள்ளை அதை வெட்டிவிட்டு 'அயலவர்' என்று போட்டது. எத்தனையோ கொப்பி திருத்திய மனுஷி, அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்னியா வாசகி:
தோழியையா வெட்டினார்கள்! குறுந்தொகையில் தலைவிக்காக வாய் திறப்பவளே அவள்தானே. நான் கண்டது கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில். பெரிய மிஸ் புதுக் கவிதையை வாசித்துக் காட்டினார். சின்ன மிஸ் கச்சான் உடைத்தபடி, "கடைசி இரண்டு வரியும் வேண்டாம்" என்றார். மற்றவர் கோபித்துக்கொண்டு மான்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். புத்தகம் வந்தபோது தேடிப் பார்த்தேன், அந்த இரண்டு வரியும் இல்லை.

பழைய டைக் வீதி:
நாற்பது வருடம் என்பது பிழை. 1983 கலவரத்துக்குப் பிறகுதான் சின்ன மிஸ் அந்த வீட்டோடு வந்தார். அதற்கு முன் வெள்ளிக்கிழமை மூதூர் லோஞ்சில் வருவார், ஞாயிறு போவார். பெரிய மிஸ் குடையோடு இறங்குதுறையில் நிற்பார். வெயிலில்லாத நாளிலும்.

நொத்தாரிசு மருமகன்:
நான் அவர்களைத் தபால் கந்தோரில் ஒருமுறை கண்டதோடு சரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்படி வாழ்கிறவர்கள் மரண சாதனம், அதாவது உயில், எழுதிவைக்க வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு முன் என்றால் இரண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து. எழுதாவிட்டால் வீடு இரத்த உறவுக்குத்தான் போகும். கவிதையும் சொத்துத்தான்: இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம்வரை பதிப்புரிமை உண்டு, அது யாருக்கு என்று பெயர் குறிக்க வேண்டும். கையெழுத்துக் கொப்பிகளை ரங்குப்பெட்டியில் பூட்டாதீர்கள், உப்புக் காற்று தின்றுவிடும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இவற்றையெல்லாம் ஸ்கான் செய்து இணையத்தில் வைக்கிறது. அங்கே கொடுங்கள்.

உப்புவெளியான்:
தம்பி, மரண சாதனம் இருந்தது. நொத்தாரிசு இல்லாமல் வீட்டு விறாந்தையில் எழுதினோம், ஐந்தாவது சாட்சி நான். 'என் தோழிக்கு' என்றுதான் அதில் இருந்தது, வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வைத்தியசாலையில் அன்றிரவு அந்தப் படிவம் நிரப்பிய மேசைக்கு இரண்டு அடி தள்ளி, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றவனும் நான்தான்.